1.40 லட்சம் என்று கணக்கு போட்டோம், 7.82 லட்சம் வந்தது

மூன்றாம் தேதி காலை கிளவுட் பில் மெயிலில் வந்தது. 7,82,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நாங்கள் போர்டில் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்த மாதச் செலவு 1,40,000. யாருடைய பில்லோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், கம்பெனிப் பெயரை இரண்டு தடவை சரிபார்த்தேன். எங்களுடையதுதான்.

நாங்கள் கோயம்புத்தூரில் வாகனக் கடன் கொடுக்கிற கம்பெனி. டூவீலரும் பழைய சரக்கு வண்டியும், இரண்டரை லட்சம் கடன் கணக்குகள். கடன் எத்தனை நாள் பாக்கி என்பதை ஒவ்வொரு நாளும் டே எண்டிலேயே, அதாவது அன்றைய கணக்கை முடிக்கும்போதே, கணக்கிட வேண்டும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னதிலிருந்து எங்கள் பழைய சர்வர் இரவெல்லாம் முனகிக்கொண்டே இருந்தது. 2025 ஜனவரியில், கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கிற கிரெடிட் பீரோவுக்கு விவரம் அனுப்புவது மாதம் ஒரு தடவை என்பது 15 நாளுக்கு ஒரு தடவை ஆனதும் படுத்தேவிட்டது. சரி, சொந்த சர்வர் வேண்டாம், இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கிற கிளவுடுக்குப் போவோம் என்று முடிவானது. கணக்கு திறந்ததும் டேட்டாவை ஏற்றியதும் ஒரு வாரத்தில் முடிந்தன, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த கிளவுட் என்று எழுதப் போவதில்லை. தவறில் பாதி எங்களுடையது.

கிளவுடில் டேட்டாவை அலசித் தருகிற சேவைகள் பல, விலைப்பட்டியல் எல்லாருடையதும் வெளியில்தான் கிடக்கிறது. அமேசானின் அத்தீனா என்றால் படிக்கிற ஒரு டெராபைட்டுக்கு (சுமார் ஆயிரம் ஜிபி) 5 டாலர். கூகுளின் பிக்குவெரி 2023 ஜூலை வரை 5 டாலராக இருந்து, அப்புறம் அமெரிக்க விலையில் 6.25 ஆனது. ஸ்னோஃப்ளேக்கில் கணக்கே வேறு, இயந்திரம் ஓடுகிற நொடிக்குக் காசு, ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் குறைந்தது 60 நொடி, இயந்திரத்தின் அளவை ஒரு படி ஏற்றினால் கிரெடிட் (அவர்கள் பில் போடுகிற அலகு) இரட்டிப்பு. இதையெல்லாம் எக்செல்லில் போட்டு, எங்களிடம் எத்தனை டெராபைட் இருக்கிறது என்று பார்த்துப் பெருக்கினோம். அதுதான் முதல் முட்டாள்தனம். எவ்வளவு டேட்டா இருக்கிறது என்பதற்கு ஆகிற செலவு டீக்காசு. அதை எத்தனை பேர் எத்தனை தடவை திறந்து பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் பணம்.

இரண்டாவது, சேல்ஸ்காரர் கொடுத்த மதிப்பீட்டுத் தாள். அழகாக இருந்தது, கலர் எல்லாம் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த ரீஜன் பெயரை, அதாவது டேட்டா எந்த ஊர் சர்வரில் இருக்கும் என்பதை, நான் பார்க்கவில்லை. அமெரிக்க ரீஜன் விலை! எங்கள் டேட்டா இந்தியாவை விட்டு நகரக் கூடாது, மும்பையில்தான் வைத்தோம், அங்கே விலை வேறு. இதை அவரிடம் கேட்டபோது "அது இண்டிகேட்டிவ் சார்" என்றார், தோராயமாகப் போட்டதாம். உங்களுக்கும் அப்படி ஒரு தாள் வந்தால் முதலில் ரீஜன் பெயரைப் பாருங்கள், அப்புறம் தொகையைப் பாருங்கள்.

ஒப்பந்தம் தனிக் கதை. ஐடி வேலையை வெளியாருக்குக் கொடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் 2023 ஏப்ரல் உத்தரவு, அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் வங்கி நிதி நிறுவனங்களை அடுக்கு அடுக்காகப் பிரித்திருக்கிறது, எங்களைப் போன்ற நடு அடுக்குக் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். ஆடிட் செய்யும் உரிமை, ரிசர்வ் வங்கி வந்து பார்க்கும் உரிமை, வெளியேறும் திட்டம் எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இணையத்தில் டிக் அடித்து ஒத்துக்கொள்கிற பொது ஒப்பந்தத்தில் எங்களுக்கு வேண்டிய மாதிரி இவை இல்லை. நிதி நிறுவனங்களுக்கென்றே ஒரு துணை ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், ஆனால் நாமாகக் கேட்டால்தான் கொடுக்கிறார்கள். இது தெரியாமல் எங்கள் வக்கீலும் அவர்கள் வக்கீலும் ஏழு வாரம் பத்தி பத்தியாகத் திருத்தி மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இனி பில் ஏன் வீங்கியது என்பதற்கு வருகிறேன்.

அந்த பில்லுக்குரிய மாதம் 19ஆம் தேதி கலெக்ஷன் டீமுக்கு ஒரு டேஷ்போர்டு, அதாவது நிலவரத்தை ஒரே திரையில் காட்டுகிற பக்கம், கொடுத்தோம். எட்டுக் கட்டங்கள், எந்த ஏரியாவில் எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை வங்கியில் பவுன்ஸ் ஆனது, எந்தக் கணக்கு பாக்கி நாள் கூடி அடுத்த பக்கெட்டுக்கு (அடுத்த பிரிவுக்கு) உருளப் போகிறது என்றெல்லாம். எல்லாரும் பாராட்டினார்கள். அதன் அடியில் இருந்த டேபிள், கடன் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு வரிசை, மூன்று வருடத்துக்கு. 27 கோடி வரிசை. டேபிளைத் தேதிவாரியாகப் பிரித்து வைக்கவில்லை, அதனால் நேற்றைய கணக்கைக் கேட்டாலும் மூன்று வருடத்தையும் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். ஒரு கட்டத்துக்கு 40 ஜிபி, எட்டுக் கட்டத்துக்கு 320 ஜிபி. எங்கள் விலையில் ஒரு தடவை பக்கம் புதுப்பித்தால் சுமார் 170 ரூபாய். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பிக்க வைத்திருந்தோம். காலை 9 முதல் மாலை 7 வரை 40 தடவை, 6,800 ரூபாய். அதை ஏரியா மேனேஜர்கள் 11 பேர் ஆளுக்கொரு திரையில் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாரும் நாள் முழுக்கத் திறந்து வைத்தால் 74,800 ரூபாய், ஒரு நாளைக்கு! நல்லவேளை, பாதிப் பேர் மதியம் ஃபீல்டுக்குப் போய்விடுவார்கள்.

டேட்டா மாறுவதே இரவு ஒரு தடவைதான். காலை 9 மணிக்கு வருகிற எண்தான் மாலை 7 மணிக்கும். மாறாத எண்ணைத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முன்பு கண்டுபிடித்த விடையை இலவசமாகக் கொடுக்கிற வசதி அதில் உண்டு. அது ஏன் கைகொடுக்கவில்லை என்றால், பக்கத்தின் மேலே "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" காட்டுவதற்காகக் குவெரி (டேட்டாவிடம் கேட்கிற கேள்வி) ஒவ்வொன்றிலும் இந்த நொடியின் நேரத்தைச் சேர்த்திருந்தோம். அதனால் ஒவ்வொரு தடவையும் அது புதுக் கேள்வி.

செலவு பட்ஜெட்டை நெருங்கினால் மெயில் அனுப்புகிற பட்ஜெட் அலர்ட் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்திருந்தோம். 50, 90, 100 சதவீதம், மூன்றும் ஒழுங்காகப் போயிருக்கின்றன, கணக்கைத் திறந்து கொடுத்த கன்சல்டன்ட்டின் மெயிலுக்கு. அவர் வேலை முடித்துக் கிளம்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று, அலர்ட் என்பது சொல்லும், நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் ஒரு குவெரி இத்தனை ஜிபிக்கு மேல் படிக்கக் கூடாது, ஒரு ஆள் ஒரு நாளில் இவ்வளவுதான் என்று வரம்பு தனியாகப் போட வேண்டும்.

பில்லை எடுத்துக்கொண்டு எங்கள் ஃபைனான்ஸ் தலைவர் அறைக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஜிஎஸ்டி முழுசா திரும்ப வரும்னு போட்டிருக்கீங்களே, யாருங்க சொன்னது?" என்றார். நான் முன்பு வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் முழு இன்புட் கிரெடிட் வரும், அதாவது பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை முழுதாக நம் வரியில் கழித்துக்கொள்ளலாம், அந்தப் பழக்கத்தில் போட்டிருந்தேன். வங்கிகளும் கடன் கொடுக்கிற நிதி நிறுவனங்களும் 50 சதவீத கிரெடிட் மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியைத் தேர்வு செய்யலாம், எங்கள் கம்பெனி அதில்தான் இருக்கிறது. மீதிப் பாதி போனது போனதுதான். 18 சதவீதம் என்றால் 1,40,760 ரூபாய், நான் மொத்தச் செலவே அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்த தொகையை விட 760 ரூபாய் கூட. அதில் 70,380 வராது. நிதித் துறையில் கிளவுடுக்கு பட்ஜெட் போடுபவர்கள் இந்த 9 சதவீதத்தைச் சேர்த்தே போடுங்கள், நான் வாங்கிய பார்வையை நீங்களும் வாங்க வேண்டாம்.

அடுத்தது கிளவுட் கம்பெனியின் உதவிப் பிரிவில் டிக்கெட் (புகார்) போட்டுச் சண்டை. முதல் ஆள் ஒரு டாக்குமென்ட் லிங்க் அனுப்பினார். இரண்டாம் ஆள் ஸ்கிரீன்ஷாட் கேட்டார். மூன்றாம் ஆள் அதே ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பக் கேட்டார். இதில் உதவித் திட்டக் கட்டணம் பில்லில் இத்தனை சதவீதம் என்று வேறு இருக்கிறது, அதாவது பில் ஏன் ஏறியது என்று கேட்பதற்கான கட்டணமும் பில்லோடு சேர்ந்து ஏறியிருந்தது. பதினெட்டு நாள் கழித்து 1.5 லட்சம் கிரெடிட் கொடுத்தார்கள், பணமாக அல்ல, 90 நாளுக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டேன். கேட்கிறவர்கள் "தள்ளுபடி" என்று கேட்காதீர்கள், என்ன தவறு நடந்தது, எப்போது சரிசெய்தோம், இனி எந்த வரம்பு போட்டிருக்கிறோம் என்று தேதியோடு எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகுதான் எனக்கு நகர்ந்தது.

இதற்கு நடுவே சேல்ஸ்காரர் தானாக போன் செய்தார், மிகுந்த அக்கறையோடு. "சார், ஒரு வருஷ கமிட்மென்ட் போட்டா 25 பர்சென்ட் குறையும்." எதை வைத்துக் கணக்கு போட்டார் தெரியுமா? அந்த வீங்கிய மாதத்தை வைத்து. மாதம் 7.82 லட்சம் என்று எடுத்துக்கொண்டு 25 சதவீதம் குறைத்தாலும் 5.86 லட்சம், பன்னிரண்டு மாதத்துக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். மேலே எல்லாரும் பதற்றத்தில் இருந்ததால் கையெழுத்துப் போடுகிற நிலைமைதான். ஃபைனான்ஸ் தலைவர்தான் "மொதல்ல ஓட்டைய அடைங்க தம்பி, அப்புறம் தண்ணிக்கு விலை பேசலாம்" என்று நிறுத்தினார்.

ஓட்டையை அடைக்க ஆனது இரண்டரை நாள். டேபிளைத் தேதிவாரியாகப் பிரித்தோம், தேதி போடாத குவெரி ஓடவே ஓடாது என்று வைத்தோம். டே எண்ட் முடிந்ததும் ஒரு சுருக்க டேபிள் தயாராகும், டேஷ்போர்டு அதை மட்டும் படிக்கும். நேரம் காட்டும் வரியைத் தூக்கிவிட்டு "நேற்று இரவு நிலவரம்" என்று எழுதிவிட்டோம். குவெரியின் கடைசி வரியில் லிமிட் 10, அதாவது பத்து வரிசை மட்டும் காட்டு என்று போட்டால் செலவு குறையும் என்று டீமில் இரண்டு பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். குறையாது, பத்து வரிசை காட்டுவதற்கும் முழு டேபிளையும் படித்துவிட்டுத்தான் வரும். ஓட்டுவதற்கு முன்பே எத்தனை ஜிபி படிக்கும் என்று திரையின் மேல் ஓரத்தில் காட்டுகிறது, அதைப் பார்க்கிற பழக்கம்தான் உதவியது.

போன மாத பில் 1,12,000. மூன்று மாதம் இப்படியே வந்தால் கமிட்மென்ட் பேசலாம் என்றிருக்கிறோம், இந்தத் தொகையை வைத்து. ஈரோடு ஏரியா மேனேஜர் மட்டும் வாரம் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கிறார், "சார், முன்னாடி லைவா ஓடுச்சே, அது எப்பங்க திரும்ப வரும்?"