டப்பாவில் கிடக்கும் கையெழுத்துகள்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு டி.எஸ்.சி. டோக்கன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பென் டிரைவ் போலிருக்கும் அந்தச் சின்னக் கருவிக்குள் ஒருவருடைய மின்னணுக் கையெழுத்து இருக்கிறது. சேலத்தில் நான் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்தில் இவற்றுக்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி, சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் என்று எல்லோருடைய கையெழுத்தும் அதில்தான் கிடக்கும். பல டோக்கன்களின் முதுகில் ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பெயர், பெயருக்குக் கீழேயே பின் நம்பர்.

அந்த டோக்கனைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்கு இந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் வயிறு எரியும். உள்ளே இருக்கும் சில்லில் (சிப்) இரண்டு சாவிகள், அதாவது ஒன்றோடொன்று தொடர்புடைய பெரிய எண்கள், ஜோடியாக உருவாகின்றன. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவி சில்லை விட்டு வெளியே வராது. கையெழுத்திடும்போது கணினி அந்த ஆவணத்திலிருந்து 256 பிட் (0 அல்லது 1) நீளமுள்ள சுருக்கம் ஒன்றைக் கணக்கிட்டு டோக்கனுக்கு அனுப்புகிறது. டோக்கன் அதைத் தனிச் சாவியால் மாற்றித் திருப்பித் தருகிறது. சரிபார்ப்பவருக்குப் பொதுச் சாவி போதும். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு ரூபாயைத் திருத்தினாலும் சுருக்கம் அடியோடு மாறிவிடும், கையெழுத்து செல்லாது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறைதான் இதற்கு அடிப்படை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. பொதுச் சாவியில் இருப்பது அந்த விடைதான்; அதை மட்டும் கொடுத்து, தனிச் சாவிக்குத் தேவையான அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால், 2048 பிட் அளவில், அதாவது 617 இலக்க எண்ணில், இன்றைய கணினிகள் கைவிரித்துவிடுகின்றன.

இதே ஜோடிச் சாவி ரகசியம் காக்கவும் உதவும். ஒருவருடைய பொதுச் சாவியால் பூட்டியதை அவருடைய தனிச் சாவிதான் திறக்கும். ஆனால் பெரிய கோப்புகளை இப்படிப் பூட்டினால் வேலை நகராது. ஆகவே ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் ஏ.இ.எஸ். முறையில் கோப்பை வேகமாகக் குறியாக்கம் செய்துவிட்டு, அதற்குப் பயன்பட்ட சாவியை மட்டும் ஆர்.எஸ்.ஏ.வால் பூட்டுவார்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். ரேகைத் தகவல், அப்போதைக்கென்று உருவாக்கிய 256 பிட் சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவி ஆதார் ஆணையத்தின் பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. வழியில் யாராவது பிடித்தாலும் கிடைப்பது குப்பைதான்.

ஏ.இ.எஸ். ஒன்றும் ஒளித்துவைத்த வித்தை அல்ல. பெல்ஜியத்துக்காரர்களான டேமன், ரைமன் இருவரும் வடிவமைத்ததை 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்றுக்கொண்டது. 16 பைட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலி வைத்து, வரிசை நகர்த்தி, கலந்து, சாவியைச் சேர்க்க வேண்டும். 256 பிட் சாவியென்றால் இப்படி 14 சுற்று; கடைசிச் சுற்றில் மட்டும் கலப்பது கிடையாது. எல்லாப் படிகளும் அச்சில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். செய்முறை எதிரி கையில் சிக்கினாலும் பரவாயில்லை, சாவி சிக்கக் கூடாது என்று ரகசியக் குறியீட்டு நிபுணர் கெர்க்காஃப்ஸ் 1883-இலேயே எழுதிவிட்டார். சாவி சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய டி.இ.எஸ். முறையே சாட்சி. அதன் 56 பிட் சாவியை 1998-இல் இதற்கென்றே கட்டிய ஓர் இயந்திரம் மூன்று நாட்களுக்குள் கண்டுபிடித்துவிட்டது.

எங்கள் தொழிலில் சாவிகளின் லட்சணம் வேறு. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏ.ஐ.எஸ்.) இறக்கினால் அந்தக் கோப்பின் கடவுச்சொல் பான் எண்ணும் பிறந்த தேதியும். தனி உரிமையாளர் நடத்தும் கடையின் பில்லை எடுத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் முதலில் இருக்கும் 33 தமிழ்நாட்டுக்கு. அடுத்த பத்து எழுத்துகள் அவருடைய பான். பாதிக் கடவுச்சொல்லை அவரே பில் அடித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீதிப் பாதி, பிறந்தநாள் வாழ்த்தில் கிடைக்கும். இ-ஆதாரின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயர் தெரிந்தவன் நூறு ஆண்டுகளை வரிசையாக அடித்துப் பார்த்தால் தீர்ந்தது. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, மக்களுக்கு மறக்கக் கூடாது என்பதைத்தான் பார்த்தார்களே தவிர, அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதைப் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பி, அடுத்த வரியிலேயே கடவுச்சொல்லையும் தட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழியில் அது பத்திரமாகத்தான் வருகிறது. வந்து இறங்கிய பிறகு எங்கள் கணினியில் திறந்தே கிடக்கிறது.

பின் நம்பரை யாரிடமும் தராதீர்கள் என்று பட்டறைக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. “தம்பி, ஆடிட்டர் சாரையே நம்பவில்லையென்றால் நான் யாரை நம்புவது?” என்று கேட்டார். அது அறியாமை இல்லை. சாவியைக் கொடுப்பது அவருக்கு மரியாதை. வாங்க மறுப்பதுதான் அவமதிப்பு. ஆனால் இதே மனிதர் கூலிக்குக் கொலுசு செய்யக் கொடுக்கும் வெள்ளியைச் சொந்தத் தம்பிக்கே எடை போட்டுத்தான் கொடுப்பார். திரும்பி வரும்போது மறுபடி எடை, சேதாரக் கணக்கு, நோட்டில் பதிவு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கையெழுத்தை மட்டும் எடை போடாமல் கொடுக்கிறீர்களே அண்ணா என்றேன். சிரித்தார்; பதில் சொல்லவில்லை. தனிச் சாவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்று 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்வதை அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக் கணக்கு அளவுக்கு அது எடுபட்டிருக்காது.

ஆடிட்டர் சாருக்கும் முதலில் மனம் வரவில்லை. வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடு நாளில் நள்ளிரவு வரை வேலை நடக்கும்போது ஒவ்வொருவரையும் எங்கே போய்த் தேடுவது என்றார். நியாயமான கேள்விதான். தணிக்கை தேவைப்படாத தனிநபர் கணக்குகளை ஆதார் ஓ.டி.பி.யிலேயே முடித்துவிடலாம் என்று காட்டிய பிறகு, டோக்கன் அவசியப்படுவோர் பட்டியல் நிறையச் சுருங்கியது. கம்பெனி வைத்திருப்பவர்கள்தான் மிச்சம். அவர்களை வரவழைத்து, புது பின் நம்பரை அவர்கள் கையாலேயே அடிக்க வைத்து, டோக்கனைக் கொடுத்தனுப்புகிறோம். ஏற்காட்டுக்காரர் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற நேரமாம், தோட்டத்தை விட்டு நகர முடியாதாம். அடுத்த படிவத்துக்குக் கெடு நெருங்குகிறது. டோக்கனை எடுத்துக்கொண்டு நான்தான் மலையேற வேண்டும் போலிருக்கிறது.