ஆடி பிறப்பதற்குள் ஒரு வீடு

ஜூன் 15, 2025, ஞாயிறு

இன்றைக்கு ஆனி பிறந்தது. காலையிலேயே வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வருகிறான், ஆடிக்கு முன்னாடி காலி பண்ணிக் கொடுத்தால் நல்லது என்றார். ஏழு வருடம் இருந்த வீடு. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருடைய வீடு, அவருடைய மகன். ஆனால் ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆக, மதுரையில் வீடு தேடுகிறவர்கள் அத்தனை பேரும் இந்த 32 நாளுக்குள்தான் தெருவில் அலைவார்கள், நானும் அதில் ஒருத்தி.

அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் கீழ்வீடுதான் வேண்டும். மகள் பள்ளிக்கூடம் பழங்காநத்தம் பக்கம், என் வேலை காளவாசலில். வாடகை 9,000-க்குள்.

ஜூன் 19, வியாழன்

வேலை முடிந்து எஸ்.எஸ். காலனி, பொன்மேனி என்று வண்டியிலேயே சுற்றினேன். ஒரு கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது, நம்பருக்குக் கூப்பிட்டால், "வாடகைக்கு இல்லம்மா, ஒத்திக்குத்தான்." ஐந்து லட்சம். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் கடனை அடைப்பார், இல்லை மகள் கல்யாணத்தை முடிப்பார், அப்புறம் அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் நமக்குப் பணம். என் சித்தி அப்படித்தான் இரண்டு வருடம் நடையாய் நடந்தார். கையில் அவ்வளவு பணம் இருந்தாலும் நான் ஒத்திக்குப் போகமாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மகளையும் கூட்டிப் போனேன். நல்ல காற்றோட்டமான வீடு, பின்பக்கம் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். அந்த அம்மா காபி கொடுத்து அன்பாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றார். இறந்து நாலு வருடமாகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நீங்க என்ன ஆளுக?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வண்டியில் ஏறும்போது மகள் கேட்கிறாள், "நாம என்ன ஆளுகம்மா?" எட்டாவது படிக்கிறாள், இதுவரை அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னேன், யார் இதைக் கேட்டாலும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை என்று. அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் உறுத்திக்கொண்டேயிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

புரோக்கர் மூன்று வீடு காட்டினார், கமிஷன் ஒரு மாத வாடகை. முதலாவது மாடி. இரண்டாவதில் குளியலறைக் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, தட்டினால் பொரிப்பொரியாக உதிர்கிறது. தண்ணீரை ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாவது வீடு நன்றாகவே இருந்தது. அட்வான்ஸ் பத்து மாதம், 90,000. கரண்ட் யூனிட்டுக்கு 10 ரூபாய், ஒரே சர்வீஸில், அதாவது ஒரே மின் இணைப்பில், மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப்-மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அந்த ஒரு சர்வீஸுக்குத்தான், குடியிருப்பவர்கள் கைக்கு அது வருவதேயில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2017-இல் போட்ட வாடகைச் சட்டத்தில் இருக்கிறதே என்றேன். அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புரோக்கர் சிரித்தார். இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுவும் செல்லும் என்று அதே பிரிவில் ஒரு வார்த்தை இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். ஆடி நெருங்கும்போது வீடில்லாதவள் எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டாள்? அந்த வார்த்தையைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் அக்காதான் சொன்னார், பசுமலையில் அவருடைய நாத்தனார் காம்பவுண்டில் ஒரு வீடு காலியாகிறதென்று. போர்டு மாட்டுவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். 8,500, அட்வான்ஸ் 40,000, தனி மீட்டர். சமையலறை சின்னது, இரண்டு பேர் நிற்க முடியாது, ஹாலில் ஒரு ஜன்னல்தான். வாசலில் ஒரே ஒரு படி. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, தானே ஏறிவிட்டார். அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் 2,000 கொடுத்துவிட்டேன். என்ன ஆளுக என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதிப் பதிந்துவிடலாமா என்றேன், எழுதிக்கொள்வோம்மா என்றார் அந்த நாத்தனார்.

ஜூலை 14, திங்கள்

வளர்பிறையில்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார், சாவி கைக்கு வருவதற்குள் பௌர்ணமி போய்விட்டது. இன்று திருப்பரங்குன்றத்தில் கும்பாபிஷேகம். "முருகனுக்கு நல்ல நாளுன்னா நமக்கும் நல்ல நாள்தான்" என்று அவரே சொல்லிவிட்டார். விடிவதற்குள் பஸ்ஸெல்லாம் கூட்டம், ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா அரைக்கரண்டி சர்க்கரை கொடுத்தார், நான் எடுத்துவர மறந்துவிட்டேன். நல்ல தண்ணி எப்போது வரும், குடத்தை எங்கே வரிசையில் வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். சாமான்கள் நாளை வருகின்றன. பீரோ அந்த நிலைவாசலில் நுழையுமா என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை.