நரம்பு படிக்கிற புள்ள

ஜூன் 5, பேராதனை

ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் விசேட பட்டத்துக்கான படிவம் கைக்கு வந்துவிட்டது. நரம்பு விஞ்ஞானம் என்று எழுத அதில் கட்டமே இல்லை. விலங்கியலுக்குள் போய், கடைசி வருட ஆய்வை நரம்புப் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மேல் வகுப்பு அக்கா. கூடவே ஒரு குண்டு: "மூளையெல்லாம் அப்புறம். வகையீட்டுச் சமன்பாடு வருமா உனக்கு?"

வராது. நான் உயிரியல் பிரிவு. கணிதத்துக்குச் சாதாரண தரத்தோடு கும்பிடு போட்டவள்.

ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1952ல் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்துச் சொன்னதைக் கதையாகக் கேட்டால் எனக்குப் புரிகிறது. இழையின் சுவரில் சின்னக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். கொஞ்சம் பிந்திப் பொட்டாசியம் வெளியே போகும். அதுதான் நரம்பில் ஓடும் துடிப்பு. அதையே நான்கு சமன்பாடுகளாகப் பார்த்தால் கண் இருட்டுகிறது.

ஜூன் 7, ஹட்டன்

வீடு. நாவலப்பிட்டி தாண்டியதிலிருந்தே மழை. பக்கத்து லயத்து மாமாவுக்கு ஒரே கேள்வி: "அப்ப டாக்டர்தானே?" இல்லை என்றதும் மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

ஜூன் 8

அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார். கெண்டைக்காலில் இரண்டு அட்டை, இரத்தம் குடித்து உருண்டையாகிக் கிடந்தன. காலையில் பூசிய சவர்க்காரத்தை மழை கழுவிவிட்டதாம்.

சிரிப்பு வந்தது எனக்கு. போன மாதம் முழுக்க நூலகத்தில் நான் படித்ததே அட்டையைப் பற்றித்தான். அது ஐரோப்பிய நீரட்டை, நம்முடையது தரையட்டை, ஆனாலும் சொந்தக்காரர்கள். அதன் உடம்பு நெடுக 21 நரம்புத் திரட்டுகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 நரம்புக்கலங்கள். கலங்கள் பெரியவை, எந்தத் திரட்டைப் பார்த்தாலும் அதே கலம் அதே இடத்தில் இருக்கும். லயத்தில் நம்பர் பார்த்துக் கதவு தட்டுகிற மாதிரி. 1968ல் நிக்கல்ஸும் பெய்லரும் அப்படித்தான் தட்டிப் பார்த்தார்கள்: மெல்லத் தொட்டால் துடிக்கும் கலம் வேறு, அழுத்தினால் துடிப்பது வேறு, நோகிற மாதிரிக் கிள்ளினால் துடிப்பது வேறு.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கும் நோகுமா?" என்று கேட்டார். கலம் துடிக்கும், அது நோவா என்பது வேறு கேள்வி என்றேன். "என்னா படிப்போ" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

ஜூன் 9

ஜாம் போத்தலில் ஒரு அட்டையைப் பிடித்துப் போட்டேன். ஈர்க்குக் குச்சியால் லேசாகத் தொட்டால் சுருங்கியது. மூடியைத் திறந்து ஊதினேன். உடனே பின்பக்கத்தை ஊன்றி எழுந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடியது.

அம்மா எட்டிப் பார்த்தார். "மூச்சுக்குத்தான் வருது. காலடிச் சத்தத்துக்கும் வரும். முன்னால போறவள விட்டுட்டு ரெண்டாவதா போறவளத்தான் புடிக்கும், பாத்துக்க." வெப்பம், அதிர்வு, மூச்சுக்காற்று என்று நான் குறிப்பு எடுத்து மனப்பாடம் செய்ததை இவர் முப்பது வருடமாகக் காலால் படித்திருக்கிறார். ரெண்டாவது ஆள் விஷயம் மட்டும் என் குறிப்பில் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர், எத்தனை நாள், எந்த வரிசை. அப்படி எண்ணப் போனால் புள்ளிவிபரவியலும் வேண்டும். சரி, அதுவும் எனக்கு வராது.

ஜூன் 12, பேராதனை

படிவத்தில் முதல் தெரிவு விலங்கியல். பௌதிகப் பிரிவுத் தோழியிடம் கணிதப் புத்தகம் இரவல் வாங்கியாயிற்று. மூன்றாவது கணக்கிலேயே நிற்கிறேன்.

இரவு அம்மா பேசினார். "புள்ள, சன்னல்ல இருந்த போத்தல்..."

"என்னம்மா?"

"ஒன் படிப்புக்குன்னு நெனப்பில்ல. உப்பப் போட்டுட்டேன்."