ஆமிஷ் மக்களின் தொலைபேசிக் கூண்டு

விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பிப் பெறுவதே உண்மையான திருமுழுக்கு (ஞானஸ்நானம்) என்று 1525இல் சூரிச் நகரில் சொல்லி, அதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களின் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவினர் ஆமிஷ் மக்கள். சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு ஒரே பந்தியில் உண்ணவும் கூடாது என்று கண்டிப்புக் காட்டிய யாக்கோப் அம்மான் என்ற சபைத் தலைவரைப் பின்பற்றி 1693இல் பிரிந்த இவர்கள், 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள்.

இவர்கள் புதுமையை வெறுப்பவர்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் பல குடும்பங்கள் தொலைபேசியை வீட்டுக்குள் விடாமல், வெளியே சிறு மரக்கூண்டு கட்டி, அதில் வைத்து அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்கின்றன. அவசரத்துக்கு மருத்துவரை அழைக்கலாம், சாப்பாட்டு வேளையில் மணியடித்துப் பேச்சைக் கலைக்காது. ஒரு கருவி குடும்பத்தைப் பிரிக்குமா என்று வாங்கும் முன்பே சபையாகக் கூடி யோசிக்கும் அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்த 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்ததில் மட்டும் என் மனம் ஒப்பவில்லை.