எட்மண்ட் பர்க் எண்ணிய ஏரிகள்

பிப்ரவரி 3

பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க்கின் இளமைக்காலத்தைப் படித்து முடித்தேன். 1729இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். தந்தை புராட்டஸ்டன்ட் வழக்கறிஞர், தாய் மேரி நேகிள் கத்தோலிக்கர். கத்தோலிக்கர் வாக்களிக்கவோ நாடாளுமன்றத்தில் அமரவோ முடியாதபடி சட்டம் தடுத்திருந்த அந்நாட்டில், சிறுவயதில் சில ஆண்டுகளைக் கார்க் பகுதியில் தாய்வழி உறவினரோடு கழித்தவருக்கு, சொந்த மண்ணிலேயே உரிமையற்று வாழ்வது எத்தகையது என்று எவரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பிப்ரவரி 5

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் காமன்ஸ் சபையில் அவர் ஆற்றிய ஆர்க்காட்டு நவாப் கடன் உரையைத் தொடங்கினேன். இரவு வெகுநேரம் கீழே வைக்க முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான பால் பென்ஃபீல்ட் முதலியோரிடம் நவாப் முகமது அலி பட்டதாகக் காட்டப்பட்ட கடனை, தீர விசாரிக்காமலேயே ஆர்க்காட்டுச் சீமையின் வருவாயிலிருந்து அடைக்க பிரிட்டிஷ் அரசு ஆணையிட்டிருந்தது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் கருகிய நிலம் அது. அங்கே வரி வேண்டுமானால் முதலில் நீர் வேண்டும் என்று வாதிடும் பர்க், நில அளவையாளர் பர்னார்டு அளந்து வரைந்த செங்கல்பட்டு ஜாகீரின் (நவாப் கம்பெனிக்கு அளித்த நிலப்பகுதியின்) வரைபடத்தைச் சுட்டி, அதில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட ஏரிகளைத் தாமே எண்ணியதாகச் சபைக்குச் சொல்கிறார். இந்தியாவுக்கே வராத ஒருவர், மண்ணும் கல்லுமான கரையையும் கட்டுமான மதகையும் விவரித்து, பிற்காலச் சந்ததியையும் தம் மக்களாகக் கருதிய மெய்யான அரசர்களின் நினைவுச்சின்னங்கள் இவை என்கிறார். அந்த இடத்தை மூன்று முறை படித்தேன்.

பிப்ரவரி 6

காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனேன். மதகின் இரு கல்தூண்களில் ஒன்று சாய்ந்திருக்கிறது. அடியில் பாசி படிந்த துளை வழியே நீர் மெல்லக் கசிகிறது. அவர் எண்ணியவற்றில் இதுவும் ஒரு புள்ளியாக இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 9

எட்மண்ட் பர்க்கின் நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க், நவாபின் பகைவரான தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர். ஆகவே எட்மண்ட் முற்றிலும் பற்றற்றவர் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஏரிகளை எண்ணிய அந்தப் பொறுமைக்கு நட்பு மட்டும் காரணமாகாது என்பதே என் துணிபு. கடன் ஆவணங்களைச் சபையின் முன் வைக்கக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 69 பேரும் எதிராக 164 பேரும் வாக்களித்தனர். கடன் கொடுத்ததாகச் சொன்னவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.