சி.சி.யில் ஜி.எம்.

அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தமே ஐந்து வரிதான். ஸ்டோர்ஸுக்கு இண்டென்ட், அதாவது தேவைச் சீட்டு, கொடுத்து மூன்று நாளாகியும் டிரம் வரவில்லை, இன்றைக்கு லோடு நின்றால் அதற்கு டிஸ்பாட்ச் பொறுப்பாகாது. அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலத்தில் 'அன்புடன் வேண்டுகிறேன்' எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். ஒரு தப்பான வார்த்தை கிடையாது. குறை இருப்பது மேலே, சி.சி. என்ற கட்டத்தில். அங்கே ஜி.எம். பெயரைப் போட்டிருந்தேன்.

என் மேஜையிலிருந்து எழுந்து நடந்தால் ஸ்டோர்ஸுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பத்து நிமிஷத்தில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிற அண்ணனே வந்து நின்றார். "இன்னா தம்பி, ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே. அவருக்கு எதுக்கு?"

"ரெக்கார்டுக்குத்தாண்ணே" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் ரீகால் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அப்போதெல்லாம் எதிராளி படிக்காத மெயிலைத்தான் அது திரும்ப எடுக்கும். ஜி.எம். அதற்குள் போனிலேயே படித்துவிட்டிருந்தார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம் இதே மாதிரி ஒரு லோடு நின்றது. நான் இரண்டு தடவை வாயால் சொல்லியிருந்தேன். மீட்டிங்கில் அண்ணன், "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். பொய் சொல்கிற ஆளில்லை, மறந்திருப்பார். திட்டு எனக்குத்தான். ஆடிட்டில் வருகிறவரும் 'சொன்னீங்களா' என்றா கேட்கிறார், 'மெயில் இருக்கா' என்றுதான் கேட்கிறார். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்ததிலிருந்து மின்னணுப் பதிவுக்கும் காகிதத்துக்கு உள்ள மதிப்பு உண்டு. வீட்டுக் கடன் கட்டுகிறவன் வேறு என்ன செய்வான்?

இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ரெக்கார்டு மட்டும்தான் வேண்டும் என்றால் அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே. தேதி, நேரம் எல்லாம் அதிலும்தான் இருக்கும். ஜி.எம். எதற்கு? இந்தக் கேள்வியை அன்றைக்கு அவர் கேட்டபோது எனக்குப் புரியவில்லை.

சி.சி. என்றால் கார்பன் காப்பி. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் அந்த வார்த்தை அண்ணன் மாதிரி ஆட்களிடம்தான் இருந்தது. கேட் பாஸ், சலான் எதுவானாலும் நடுவில் நீலக் கார்பன் வைத்து மூன்று காப்பி எழுதுவார். மூன்றாவதிலும் எழுத்து தெரிய வேண்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தி நடுவிரலில் ஒரு காய்ப்பு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மெயிலும் இல்லை. யாருக்கு எத்தனை டிரம் போயிருக்கிறது என்று தெரிந்தது அவருடைய கார்பன் புத்தகத்தில் மட்டும்தான். அந்தக் காப்பி புத்தகத்தோடு கிடக்கும், வேண்டியவர் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். என்னுடைய காப்பி தானாகவே நடந்து போய் ஜி.எம். முன்னால் நின்றது.

ஒரு நெட்வொர்க் வழியாக வேறொரு கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் மெயில் அனுப்பியவர் ரே டாம்லின்சன், 1971-இல். அனுப்பிய மெஷினும் வாங்கிய மெஷினும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆறுதல். பக்கத்தில் இருப்பவனுக்கு மெயில் போட்ட முதல் ஆள் நானில்லை! ஆனால் அவர் யாரையும் சி.சி.யில் வைத்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் ஜி.எம். அண்ணனைக் கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நாலு மாதத்தில் அவருக்கு 58 முடிந்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த ஒரு வருட எக்ஸ்டென்ஷன் அவருக்குக் கிடைக்கவில்லை. எச்.ஆரில் கேட்டேன். "உங்க மெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றார்கள். நான் மெயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கடைசி நாள் மதியம் என் மேஜைக்கு வந்தார். "எல்லாருக்கும் ஒரு மெயில் போடணும் தம்பி. நீதான் நல்லா எழுதுவியே."

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். குத்தலா? அவர் குத்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்படியானால் நிஜமாகவே சொன்னாரா? அது இன்னும் மோசம். ஸ்டோர்ஸ் பையனிடம் சொல்லியிருந்தால் அவனும் அடித்துக் கொடுத்திருப்பான்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். முப்பத்தோரு வருஷம், எல்லாருக்கும் நன்றி, ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க. கடைசியாக, "யார் மேலயும் எனக்கு வருத்தம் இல்லன்னு போடு" என்றார்.

அதை நான் அடிக்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் ஏதோ வருத்தம் இருக்கிறது என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். ஆபீஸ் மெயிலுக்கு அது சரிவராது. அப்போது அப்படித்தான் தோன்றியது.

அவர் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணே."

சென்ட் பட்டனை அவரே அழுத்தினார்.