பாப்பா பிறந்த அன்றே இரண்டு ஊசி

கர்ப்பமான மூன்றாம் மாதம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குத்து. நாலு நாள் கழித்து நர்ஸம்மா வீடு தேடி வந்தார். சோழவந்தான் பக்கம் எங்களுக்குக் கொடிக்கால். அத்தை திண்ணையில் வெற்றிலையைக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார். அதனால் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த்தான் பேசினார்.

"பி பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா."

"எனக்கு ஓ குரூப்புன்னுல்ல எழுதியிருக்கு?"

"பிளட் குரூப் இல்லம்மா. ஈரலைத் தாக்குற காமாலைக் கிருமி."

எனக்குக் காமாலையே வந்ததில்லை. கண் மஞ்சளித்ததில்லை, பசி குறைந்ததில்லை. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் உட்கார்ந்திருக்கும் என்று மதுரை பெரியாஸ்பத்திரி டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். இதைக் கேட்டதும் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

வைரஸ் அளவு பார்க்கும் பரிசோதனையில் எனக்கு 2 லட்சத்துக்கு மேல் இருந்தது. அதனால் 28-வது வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர், தினம் ஒரு மாத்திரை. அத்தை பாசத்தோடு கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொண்டுவந்தார். "மாத்திரை போதும், வேறெதுவும் வேண்டாம்" என்று டாக்டரையே அவரிடம் பேச வைத்தேன். அதன் பிறகு கொண்டுவரவில்லை. என் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கவும் இல்லை. சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது.

தனியார் லேப் ஒன்றில்தான் மனசு நொந்தது. என் ஃபைல் மேல் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லார் முன்னாலும் "நீங்க கடைசியா வாங்க" என்றார்கள். அன்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன். கையுறை எல்லாருக்கும் போட வேண்டியதுதானே, எனக்கு மட்டும் ஏன் கடைசி வரிசை?

வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு இல்லை. அவர் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டார். என் அம்மாவுக்கு இருந்தது. ரிப்போர்ட்டை மடித்து மடித்து விரல் அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, "நாந்தான் ஒனக்குக் குடுத்தேனாத்தா?" என்று கேட்டார். நான் பிறந்த 1995-ல் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இல்லை, அம்மாவுக்கு யாரும் பரிசோதனை செய்ததும் இல்லை. யாரைக் குற்றம் சொல்ல?

பிரசவத்துக்கு முன்னால் நான் பிடிவாதமாகச் செய்த காரியம் ஒன்று. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புச் சக்தி ஊசி) என்று கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் டாக்டரையே எழுத வைத்தேன். தடுப்பூசி எங்கும் கிடைக்கும். மற்றது எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, விலையும் அதிகம். கோரிப்பாளையத்தில் சொல்லிவைத்து, வலி எடுத்த அன்று என் வீட்டுக்காரர் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது என்பதால் வழியெல்லாம் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

சுகப்பிரசவம்தான், இதற்காக ஆபரேஷன் தேவையில்லை. இரவு பதினொன்றரைக்குப் பிறந்தாள். ஒரு மணிக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். இரண்டிலும் கடுகளவு சிவப்புப் புள்ளி. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் "தாய்ப்பால் குடுக்காதே" என்றார். டாக்டர் குடுக்கத்தான் சொல்லியிருந்தார், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும்வரை நிறுத்தச் சொன்னார். கொடுத்தேன்.

6, 10, 14-வது வாரங்களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி. ஒன்பது மாதம் முடிவதற்கு முன் பரிசோதித்தால் சரியாகத் தெரியாது என்றதால் காத்திருந்தோம். பத்தாம் மாதம் எடுத்த ரிப்போர்ட்டில் வைரஸ் நெகட்டிவ். எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருந்தால் போதும், அவளுக்கு 340.

அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன், அடுத்தது புரட்டாசியில். தம்பியும் கூட வருகிறேன் என்றிருக்கிறான். அவன் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை.